எம்.எல்.ஏ.வின் வரலாறு எங்கே எழுதியிருக்கிறது? வாசகர் கேள்வி – பதில்

தொகுதி உறுப்பினரின் தேர்தல் வரலாற்றையும் அவையில் அவர் செய்ததையும் வாசகர்களே ஆவணங்களைப் பார்த்துத் தொகுக்கலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் தொகுதியில் 1952 முதல் ஜெயித்தவர்களைப் பட்டியலிட உட்கார்ந்தேன். மூன்று இடத்தில் தேடினால் மூன்று விதமாக இருக்கிறது. எதை நம்புவது?
– வாசகர், குளித்தலை

தேர்தல் ஆணையம் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் வெளியிட்ட புள்ளிவிவர அறிக்கையை அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். 1967 வரையிலான அறிக்கைகளில் மாநிலத்தின் பெயர் மெட்ராஸ் என்றுதான் இருக்கும். தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரியில். மற்ற பட்டியல்கள் பெரும்பாலும் இந்த அறிக்கையைப் பார்த்துப் படியெடுத்தவை. படியெடுக்கும்போது சறுக்குகிற இடங்கள் சில உண்டு.

உங்கள் ஊரே நல்ல உதாரணம். 1957இல் குளித்தலையில் வென்ற மு. கருணாநிதி, அறிக்கையில் சுயேச்சை என்று பதிவாகியிருப்பார். காஞ்சிபுரத்தில் வென்ற அண்ணாவும் அப்படியே. அந்தத் தேர்தலில் தி.மு.க.வுக்கு அங்கீகாரமும் கிடையாது, பொதுச் சின்னமும் கிடையாது. அதை அறியாமல் 'சுயேச்சையாக நின்று பிறகு கட்சியில் சேர்ந்தார்' என்று எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் காலத்திலும் அதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. ஆணையத்தின் 'கட்சி' என்ற கட்டம், வேட்பாளர் எந்தக் கட்சியின் சின்னத்தில் நின்றார் என்பதைத்தான் சொல்கிறது. விழுப்புரம் மக்களவைத் தொகுதியில் 2019இல் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் ரவிக்குமார் உதயசூரியனில் நின்றார், ஆவணத்தில் தி.மு.க. 2024இல் அதே தொகுதியில் பானைச் சின்னத்தில் நின்றார். ஆவணத்தில் விடுதலைச் சிறுத்தைகள். அவர் கட்சி மாறவே இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. 133 இடங்கள் என்று ஆணையம் காட்டுவதிலும், உதயசூரியனில் நின்று வென்ற ம.தி.மு.க.வின் நான்கு பேர் அடக்கம். ஆகவே உங்கள் பட்டியலில் 'சின்னம்', 'கட்சி' என்று இரண்டு பத்தி போடுங்கள்.

1952, 1957 தேர்தல்களில் சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள். வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. அங்கே பதிவான ஓட்டுகள் வாக்காளர் எண்ணிக்கையையே தாண்டலாம். அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். 1961இல் வந்த சட்டத்தோடு இரட்டை உறுப்பினர் தொகுதிகள் ஒழிந்தன.

அடுத்தது தொகுதி எல்லை. 2008 மறுசீரமைப்பில் பல தொகுதிகள் மறைந்தன, பல புதிதாக வந்தன. பெயர் மாறாத தொகுதிகளில்கூட ஊராட்சிகள் இடம் மாறின. 2006 முடிவையும் 2011 முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இத்தனை ஆயிரம் ஓட்டு சரிந்தது' என்று எழுதினால், பெரும்பாலும் அது வேறு வேறு மக்களின் ஓட்டாக இருக்கும்.

பொதுத்தேர்தல் அறிக்கைகளை எல்லாம் பார்த்தாகிவிட்டது. அத்துடன் ஒருவருடைய தேர்தல் வரலாறு முழுமையாகிவிடுமா?
– வாசகி, விருதுநகர்

ஆகாது. இடைத்தேர்தல்கள் அந்த அறிக்கைகளில் வராது. காமராஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரான பிறகு 1954இல் அவர் பேரவைக்கு வந்தது குடியாத்தம் இடைத்தேர்தல் வழியாக. 1967இல் உங்கள் விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றதை எல்லோரும் எழுதுகிறார்கள். 1969இல் நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் வென்றதைப் பாதிப் பட்டியல்கள் விட்டுவிடுகின்றன. பொதுத்தேர்தல் அறிக்கையை மட்டும் புரட்டினால் 1967இல் தோற்றவர் 1971இல்தான் திரும்பி வந்தார் என்று தோன்றும்.

அவைகளையும் பிரித்துப் பாருங்கள். அண்ணா 1957 முதல் 1962 வரை சட்டப்பேரவை. 1962இல் காஞ்சிபுரத்தில் தோற்று மாநிலங்களவை. 1967இல் தென்சென்னையில் வென்று மக்களவை. முதலமைச்சரானதும் சட்ட மேலவை. பத்தாண்டில் நான்கு அவை. முதலமைச்சராக இருந்தபோது அவர் எம்.எல்.ஏ. அல்ல, எம்.எல்.சி. தமிழ்நாட்டில் மேலவை 1986 நவம்பர் 1 அன்று ஒழிந்துபோனதால் இளைய வாசகர்களுக்கு இந்தக் கட்டமே புலப்படுவதில்லை.

வேட்புமனு தள்ளுபடியானதும் முடிவுப் பட்டியலில் இடம்பெறாது. 2001இல் ஜெயலலிதா நான்கு தொகுதிகளில் மனுத் தாக்கல் செய்தார், நான்கும் தள்ளுபடி. அந்த ஆண்டு முடிவுகளில் அவர் பெயரே இருக்காது. ஆனால் அதே மே மாதம் முதலமைச்சராகப் பதவியேற்றார், செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது, 2002 பிப்ரவரியில் ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் வென்று பேரவைக்கு வந்தார். இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளப் பத்திரிகைக் கோப்பும் தீர்ப்பும் தேவை; வாக்கு எண்ணிக்கை மட்டும் போதாது.

கலைஞர் 13 முறை நின்று 13 முறையும் ஜெயித்தார் என்கிறார்கள். 1957 முதல் 2016 வரை எண்ணினால் தேர்தல் அதற்கு மேல் வருகிறதே?
– வாசகர், திருவாரூர்

வருவது சரிதான். 1957 குளித்தலை, 1962 தஞ்சாவூர், 1967, 1971 சைதாப்பேட்டை, 1977, 1980 அண்ணா நகர், 1989, 1991 துறைமுகம், 1996, 2001, 2006 சேப்பாக்கம், 2011, 2016 திருவாரூர். மொத்தம் 13. இடையில் விடுபடுவது 1984. இலங்கைத் தமிழர் பிரச்சினையில் 1983இல் பேரவை உறுப்பினர் பதவியிலிருந்து விலகினார். 1984 பேரவைத் தேர்தலில் நிற்கவில்லை, மேலவையில் இருந்தார். 'நின்ற தேர்தலில் தோற்றதில்லை' என்பது சரி. 'எல்லாத் தேர்தலிலும் ஜெயித்தார்' என்பது தவறு. இரண்டுக்கும் ஒரு சொல்தான் வித்தியாசம், எழுதுகிறவர் அந்தச் சொல்லில் கவனமாக இருக்க வேண்டும்.

வெற்றி என்ற ஒரே சொல்லுக்குள் எவ்வளவு தூரம் அடங்கியிருக்கிறது என்பதையும் பாருங்கள். 1991இல் துறைமுகத்தில் வித்தியாசம் 890 ஓட்டு, வென்ற பிறகு பதவி விலகினார். 2016 திருவாரூரில் வித்தியாசம் 68,366.

டெபாசிட் போவதை எப்படிக் கணக்கிடுவது? நோட்டாவைச் சேர்ப்பதா?
– வாசகர், ஓசூர்

சேர்க்கக் கூடாது. செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கைவிடக் கூடுதலாக வாங்கினால்தான், வேட்புமனுவோடு கட்டிய டெபாசிட் தொகை திரும்பும். தொகுதியில் மொத்தம் 1,82,000 பதிவாகி, அதில் நோட்டா 2,000 என்றால், கணக்குக்கு உரியது 1,80,000. ஆறில் ஒன்று 30,000. சரியாக 30,000 வாங்கினாலும் போய்விடும், 30,001 வேண்டும். சட்டமன்றத்துக்குத் தொகை 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்குப் பாதி.

எங்கள் ஊரில் யாருக்கு எவ்வளவு விழுந்தது என்று பார்க்க முடியுமா?
– வாசகர், வள்ளியூர்

சாவடி வாரியாக ஓட்டுகளைக் காட்டும் படிவம் 20ஐப் பாருங்கள். தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தொகுதி வாரியாகக் கிடைக்கும். இடப்பக்கம் வாக்குச்சாவடி எண், மேலே வேட்பாளர் பெயர்கள், கடைசிப் பத்திகளில் செல்லத்தக்கவை, நோட்டா, மொத்தம். அடியில் இயந்திர ஓட்டின் கூட்டுத்தொகை, அதற்குக் கீழே தபால் ஓட்டு, அதற்கும் கீழே இறுதி மொத்தம். பலருக்கும் கணக்கு இடிப்பது இங்கேதான்: சாவடிகளைக் கூட்டி இறுதி முடிவோடு ஒப்பிட்டு 'சில நூறு ஓட்டு காணோம்' என்பார்கள். காணாமல் போனவை பெரும்பாலும் தபால் ஓட்டுகள். அவற்றை ஊர் வாரியாகப் பிரிக்க வழியில்லை.

சாவடி எண்ணை நம்பி இரண்டு தேர்தலை ஒப்பிடாதீர்கள். 2021இல் கொரோனா காரணமாக ஒரு சாவடிக்கு 1,000 வாக்காளருக்கு மேல் கூடாது என்று ஆக்கியதால் துணைச் சாவடிகள் பெருகின. 2019இல் 112 ஆக இருந்த பள்ளி 2021இல் 112, 112ஏ என்று இரண்டாகியிருக்கலாம். அந்தந்த ஆண்டின் வாக்குச்சாவடிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, பள்ளியின் பெயரையும் தெருக்களையும் பார்த்துப் பொருத்துவதே பாதுகாப்பு. ஒரு தொகுதிக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அந்த உழைப்புக்குப் பலன் உண்டு.

நீங்கள் வள்ளியூர் என்பதால் ராதாபுரத்தை நினைவூட்டுகிறோம். 2016இல் அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 ஓட்டில் தி.மு.க.வின் அப்பாவுவை வென்றதாக அறிவிக்கப்பட்டது. தபால் ஓட்டுகளில் 203, தலைமை ஆசிரியர் சான்றொப்பம் இட்டது செல்லாது என்று ஒதுக்கப்பட்டிருந்தன. அப்பாவு தேர்தல் வழக்குப் போட்டார். 2019 அக்டோபரில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி அந்த ஓட்டுகளும் கடைசி மூன்று சுற்றுகளும் மீண்டும் எண்ணப்பட்டன; முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கும் தொகுதிகளில் தேர்தல் வழக்கு ஏதும் நடந்ததா என்று கட்டாயம் பாருங்கள். முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதால், எந்த மாதக் கோப்பில் தேடுவது என்பது சுலபமாகத் தெரிந்துவிடும்.

எங்கள் உறுப்பினரின் சொத்து இரண்டு தேர்தலுக்கு நடுவே மூன்று மடங்கு ஆகிவிட்டது என்று செய்தி வந்தது. இதைச் சரிபார்ப்பது எப்படி?
– வாசகி, பொள்ளாச்சி

வேட்பாளர் தன் சொத்து, கடன், வழக்கு விவரங்களைச் சொல்லி மனுவோடு தருவது படிவம் 26 பிரமாணப் பத்திரம். இரண்டு தேர்தலின் பத்திரங்களையும் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கி அருகருகே வையுங்கள். மொத்தத் தொகையைப் பார்க்கவே வேண்டாம், முதலில் சர்வே எண்களைப் பாருங்கள். நிலம் ஒவ்வொன்றுக்கும் சர்வே எண், பரப்பு, பரம்பரையா வாங்கியதா, வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய சந்தை மதிப்பு என்று தனித்தனிக் கட்டம் உண்டு. அதே சர்வே எண், அதே ஏக்கர், மதிப்பு மட்டும் மூன்று மடங்கு என்றால், புதிதாக எதுவும் வாங்கவில்லை, விலைதான் ஏறியிருக்கிறது. பழைய பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பையும் புதியதில் சந்தை விலையையும் எழுதியிருந்தாலும் இப்படி எகிறும். புதிய சர்வே எண் வந்திருந்தால் அங்கே நிறுத்தி, வாங்கிய தேதியையும் விலையையும் அதே பத்திரத்தில் உள்ள ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். கடன் பகுதியையும் விடாதீர்கள்; நிலம் வாங்கிய ஆண்டில் கடனும் ஏறியிருந்தால் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே ஒரு பதில்.

நகையிலும் அப்படித்தான். ரூபாயை விட்டுவிட்டுக் கிராமைப் பாருங்கள். 800 கிராம் 800 கிராமாகவே இருந்தால் மதிப்பு இரண்டு மடங்கானதில் செய்தி ஏதுமில்லை. மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்போர் பத்திகளையும் சேர்த்துப் பாருங்கள். மகன் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டால் 'சார்ந்தவர்' பத்தியிலிருந்து வெளியேறிவிடுவார். அவர் பெயரில் இருந்த சொத்தும் கூடவே போய்விடும். சொத்து குறைந்ததாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குற்ற வழக்குப் பகுதியில் எண்ணிக்கையை மட்டும் சொல்வது நியாயமாகாது. எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம், குற்றச்சாட்டு பதிவாகிவிட்டதா என்ற கட்டங்களைப் படியுங்கள். தடையை மீறிச் சாலை மறியல் செய்த வழக்கு பத்து இருப்பவரும், மோசடி வழக்கு ஒன்று இருப்பவரும் ஒரே தராசில் நிற்க மாட்டார்கள்.

ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பத்திரத்தில் சொன்னது உண்மையா என்று தேர்தல் நடத்தும் அலுவலர் விசாரிப்பதில்லை. கட்டங்களைக் காலியாக விட்டுத் திருத்தச் சொன்ன பிறகும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம். 2013இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. பொய் எழுதினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ, அல்லது இரண்டுமோ. வழக்குக்குப் பிறகுதான் அது.

ஒரு மசோதாவுக்கு எங்கள் எம்.எல்.ஏ. ஆதரவாக வாக்களித்தாரா எதிராகவா என்று எங்கே பார்ப்பது?
– வாசகர், திண்டுக்கல்

இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களிலேயே முக்கியமான கேள்வி இது. பதில் உங்களுக்கு ஏமாற்றம் தரும்: பெரும்பாலான மசோதாக்களில் அப்படியொரு பதிவே இல்லை.

மசோதாவோ மானியக் கோரிக்கையோ, பேரவையில் நடப்பது குரல் வாக்கெடுப்பு. 'ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க' என்று கேட்டு, சத்தத்தை வைத்துப் பேரவைத் தலைவர் முடிவு சொல்வார். யார் எந்தப் பக்கம் குரல் கொடுத்தார் என்று எங்கும் எழுதப்படுவதில்லை. அந்த முடிவை ஏற்காமல் உறுப்பினர் டிவிஷன் கேட்டால் 'எண்ணிக் கணிக்கும்' வாக்கெடுப்பு நடக்கும். தமிழ்நாட்டுப் பேரவையில் இருக்கைப் பகுதி வாரியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணுவார்கள். 2025 மார்ச் 17 அன்று பேரவைத் தலைவரை நீக்கும் தீர்மானத்தில் முதலில் குரல் வாக்கெடுப்பு, பிறகு எதிர்க்கட்சி கேட்டதால் எண்ணிக்கை: ஆதரவு 63, எதிர்ப்பு 154. 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 122, எதிர்ப்பு 11. அன்று தி.மு.க.வினர் வெளியேற்றப்பட்டிருந்தார்கள், காங்கிரசார் வெளிநடப்புச் செய்திருந்தார்கள். அந்த இரு கட்சியினரும் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். 122, 11 என்ற இரண்டு எண்ணை மட்டும் குறித்துவைத்தால் அன்றைய அவையில் பாதி மறைந்துவிடும்.

நாடாளுமன்றத்தில் நிலைமை கொஞ்சம் மேல். அரசியல் சட்டத் திருத்தத்துக்கு மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். சத்தத்தை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது என்பதால் டிவிஷன் கட்டாயம். மகளிர் இடஒதுக்கீட்டுக்கான திருத்தம் 2023 செப்டம்பர் 20 அன்று மக்களவையில் 454–2 என்று நிறைவேறியது. சாதாரண மசோதாவிலும் டிவிஷன் கேட்டுப் பெறலாம்: குடியுரிமைத் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மாநிலங்களவையில் 125–105. இவற்றில் பெயர்ப் பட்டியல் உண்டு. 2020 செப்டம்பர் 20 அன்று அதே மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. எதிர்க்கட்சியினர் டிவிஷன் கேட்டும் நடக்கவில்லை. இவ்வளவு பெரிய சட்டத்தில் ஒருவருடைய பெயருக்கு நேரே 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ எழுதிக்காட்ட நமக்கு ஆவணம் கிடையாது. வாக்காளர் கேட்க வேண்டிய உரிமை இது என்பது எங்கள் உறுதியான கருத்து: முக்கியமான சட்டங்களுக்குப் பெயரோடு கூடிய வாக்கெடுப்பு எல்லாப் பேரவைகளிலும் வழக்கமாக வேண்டும்.

பெயர்ப் பட்டியலைப் படிக்கும்போது அடிக்குறிப்பை விடாதீர்கள். பொத்தான் வேலை செய்யாதவர்கள், மாற்றி அழுத்தியவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்துத் திருத்திக்கொள்வார்கள். அவை அறிவித்த எண்ணுக்கும் சீட்டுகளைச் சேர்த்த எண்ணுக்கும் அதனால் சிறு வித்தியாசம் வரும்.

பட்டியலில் பெயர் இல்லை என்றால் 'மௌனம் காத்தார்' என்று உடனே எழுதிவிடாதீர்கள். 2019 ஜனவரி 8 அன்று பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 சதவீத இடஒதுக்கீட்டுத் திருத்தம் மக்களவையில் 323–3 என்று நிறைவேறியது. அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்ததால் இரண்டு பக்கத்திலும் இல்லை. ஆனால் அன்றைய விவாதக் குறிப்பில் அக்கட்சியின் தம்பிதுரை மசோதாவை எதிர்த்துப் பேசியது இருக்கிறது. வாக்கைத் தேடிப் போனவர் பேச்சையும் படித்தால்தான் விவரம் முழுமையாகும்.

கட்சி சொன்னபடிதான் வாக்களிக்க வேண்டும் என்றால் வாக்குப் பதிவைப் பார்த்து என்ன பயன்?
– வாசகர், சேலம்

எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் கொறடா இடும் உத்தரவை மீறி வாக்களித்தாலோ வராமல் இருந்தாலோ, 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவியிழப்புக்கு ஆளாகலாம். 1985இல் அரசியல் சட்டத்தில் வந்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம் அது. ஆகவே ஆம், இல்லை இரண்டும் பெரும்பாலும் கட்சியின் முடிவைக் காட்டும், ஆளின் முடிவை அல்ல. நீங்கள் கேட்பது நியாயம்.

ஆனால் கோடு தாண்டிய இடங்கள் நிறையச் சொல்லும். 2017 நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராக வாக்களித்த ஆளுங்கட்சியினர் 11 பேர் தகுதி நீக்கம் செய்யப்படவில்லை. ஆளுநரிடம் முதலமைச்சருக்கு எதிராக மனுக் கொடுத்த அதே கட்சியின் 18 பேர் அதே ஆண்டு செப்டம்பரில் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உறுப்பினர் என்ன செய்தார் என்பதோடு, பேரவைத் தலைவர் எந்த மனு மீது எப்போது முடிவெடுத்தார் என்பதையும் குறிக்க வேண்டியிருக்கிறது. மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ. கட்சி சொன்னதை மீறி வாக்களித்தாலும் தகுதி நீக்கம் கிடையாது. ஆனால் வாக்குச்சீட்டைக் கட்சி முகவரிடம் காட்டியாக வேண்டும்.

ஆளை அறியக் கேள்விகளையும், அமைச்சரல்லாத உறுப்பினர் தாமே கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களையும் பாருங்கள். திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்காகத் தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. அது சட்டமாகவில்லை, அரசு தனியாக 2019இல் சட்டம் கொண்டுவந்தது. என்றாலும் ஒருவர் தன் பொறுப்பில் எடுத்துச் சென்ற வேலை எது என்று அதில் பளிச்சென்று தெரிகிறது. மசோதாக்களை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுக்களின் அறிக்கைகளில் கடைசிப் பக்கங்களில் இருக்கும் மாற்றுக் கருத்துக் குறிப்பும் அப்படிப்பட்டதே. கொறடா உத்தரவு குழுவுக்குள் எட்டாது.

எங்கள் எம்.பி.யின் வருகைப் பதிவு காலியாக இருக்கிறது. அவையில் பேசியதை டி.வி.யில் பார்த்தேனே?
– வாசகி, காரைக்குடி

அப்போது அவர் அமைச்சராக இருந்தாரா என்று பாருங்கள். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை, எதிர்க்கட்சித் தலைவரும் இடுவதில்லை. அமைச்சர்கள் கேள்வியும் கேட்பதில்லை. பதில் சொல்கிறவர்களே அவர்கள்தான். ஐந்தாண்டில் இரண்டாண்டு அமைச்சராக இருந்தவரின் சராசரியை மற்றவரோடு ஒப்பிட வேண்டுமானால் அந்த இரண்டாண்டைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். மற்றவர்களுக்கும் கையெழுத்து என்பது அன்று வந்தார் என்பதற்கு மட்டுமே சாட்சி. எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பதற்கு அல்ல.

கேள்விகளை எண்ணும்போதும் நிதானம் தேவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்து ஒன்றாக்கி எல்லோர் பெயரையும் போடுவார்கள். 400 கேள்வி என்ற எண்ணைவிட, உங்கள் மாவட்டத்தின் ரயில் பாதையைப் பற்றி ஒரே விஷயத்தை எத்தனை கூட்டத்தொடரில் விடாமல் கேட்டார், முதல் பதிலுக்கும் கடைசிப் பதிலுக்கும் நடுவே அமைச்சகத்தின் வாசகம் மாறியதா என்று பாருங்கள். நாடாளுமன்றத்தின் மின் நூலகத்தில் உறுப்பினர் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடினால் அந்தப் பதில்கள் தேதியோடு வரிசையாகக் கிடைக்கும். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை இரண்டு மூன்று விதமாக மாற்றித் தேடுங்கள். முதலெழுத்து முன்னும் பின்னும் மாறியிருக்கும்.